வால் முளைத்த கறுப்பு வட்டம்

ஜூன் 8, ஞாயிறு

என் வாழ்க்கையின் முதல் பத்து இன்று பக்கத்து லேன் அம்மாவின் அட்டையில் விழுந்தது.

ரைஃபிள் கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு பெற்றோரும் சுட்டுப் பார்க்கலாம். நான் குறி வைத்தது மூன்றாம் அட்டையின் நடுப்புள்ளிக்கு, அங்கே பட்டால்தான் பத்து. ஈயக்குண்டு போனது நான்காம் அட்டையின் நடுப்புள்ளிக்கு. அந்த லேனில் நின்றவர் ஏதோ காலேஜில் கணக்குப் பாடம் எடுப்பவர். அட்டையைக் கம்பியில் இழுத்துப் பார்த்துவிட்டு, "நான் பத்து குண்டுதான சுட்டேன், இதுல பதினொரு ஓட்டை இருக்குதுங்களே?" என்றார். என் அட்டையில் ஒன்பது. கணக்கு டீச்சருக்குக் கழித்தல் சொல்லியா தர வேண்டும்? மொத்த ரேஞ்சும் திரும்பி என்னைப் பார்த்தது.

என் மகள் மௌனிகா ரைஃபிளை மேஜைமேல் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ப்பா, பத்து மீட்டர்ல கூட ஊட்டுக்கு வழி தெரியாம பக்கத்து ஊட்டுக்குப் போயிட்டீங்களே!"

கோச் பிலோமினா மேடம் சிரிக்கவில்லை. "அந்தப் பத்தை ஃப்ரேம் போட்டு வைங்க சார். மறுபடி எப்ப விழும்னு சொல்ல முடியாது" என்றார். சிரித்திருந்தால் தேவலை.

சுடுகிறவர்கள் எல்லாரும் டைரி எழுத வேண்டும் என்பது மேடத்தின் கட்டளை. மௌனிகாவுக்கு வாங்கிய நோட்டு இது. பதினொன்றாம் வகுப்புப் பாடமே எழுத நேரமில்லை என்று என்னிடம் தள்ளிவிட்டாள். ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவன் எழுதும் லட்சணம் இப்படித்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம். கிளப் ரைஃபிள் எல்லாருக்கும் பொது. மௌனிகாவின் முறை வரும்போது அதன் திருகெல்லாம் வேறு யாருடைய உடம்புக்கோ இருக்கும். கல்யாணமாகி வெளிநாடு போகிற ஒரு பெண் தன் ரைஃபிளின் பேரலையும் காற்றுக் குழாயையும் மட்டும் விற்கிறாள். தோளில் தாங்கிப் பிடிக்கும் கட்டை விரிசல் விட்டுவிட்டதாம். கட்டைதானே? கணபதிப் பகுதியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பவனுக்கு ஒரு கட்டை செய்ய வராதா?

ராதாமணியிடம் சொன்னேன். கட்டிக்கொண்ட நாளிலிருந்து எனக்குத் தைரியம் சொல்லியே பழக்கமில்லாதவள். "பக்கத்து லேன்ல சுடற மனுசன் செய்யற துப்பாக்கியில என்ற புள்ள சுடோணுமாக்கும்?" என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

கைப்பிடிக்கு அச்சு எடுக்கச் சப்பாத்தி மாவைத் திருடினேன். மௌனிகா அதை இறுக்கிப் பிடித்தாள். ஐந்து விரலும் அழகாகப் பதிந்தன. மாவைக் காயவைத்து, அதைப் பார்த்துத் தேக்கில் செதுக்கிவிடலாம் என்று திட்டம். காய்வதற்குள் ராதாமணி அதையும் தேய்த்துச் சுட்டுவிட்டாள். மகளின் கைரேகையைக் குருமாவில் தொட்டுச் சாப்பிட்டேன். மறுபடி மாவு, மறுபடி அச்சு.

சாப்பிடும்போது மௌனிகா தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றினாள். விளையாட்டுப் புத்தி.

ஜூலை 20, ஞாயிறு

ரைஃபிள் பிறந்துவிட்டது. விலைக்கு வாங்கிய பேரலுக்கு அலுமினிய முதுகெலும்பு, தேக்குக் கைப்பிடி, ஏற்றி இறக்கும் கன்னக் கட்டை. தோள் தாங்கியில் அவள் எலும்பு எங்கே தொடுகிறதோ அங்கே மட்டும் வளைவு. பட்டறையில் என்னோடு வேலை செய்யும் ஆறுக்குட்டி ஒரு வாரமாக வேறு ஆர்டரைத் தொடவில்லை. "அண்ணா, பம்ப் கம்பெனிக்காரன் போன் பண்றான், அவன சுட்டறலாமா?" என்று கேட்டுக்கொண்டே பாலீஷ் போட்டான்.

குடும்பத்தோடு கிளப்புக்குப் போனோம். முதலில் ராதாமணியைச் சுடச் சொன்னோம். வேண்டாம் வேண்டாம் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். முதல் குண்டு ஒன்பது. இரண்டாவதும் ஒன்பது. "இதுக்கா இத்தன பேர் இத்தன கஷ்டப்படறீங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள். மேடம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மௌனிகா நின்றாள். அவள் உடம்பும் ரைஃபிளும் ஒரே வார்ப்பாக இருந்தன. ஆனால் குண்டுகள் ஏழு, எட்டு, எட்டு, ஆறு. எல்லாம் வட்டத்துக்குக் கீழே.

"ப்பா, கறுப்பு வட்டத்துக்குக் கீழ வால் மாதிரி ஒண்ணு தெரியுதுப்பா."

"வாலா?"

"நெழல் மாதிரி. எது நெஜ வட்டம்னு கொழப்பமா இருக்குது."

பேரலின் நுனியில் இருக்கும் முன் வளையத்தில் பிசிறு நிற்கிறது. அதன் நிழல்தான் வால். நாளைக்கே தேய்த்துவிடுகிறேன்.

ஜூலை 24, வியாழன்

வளையத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பிசிறு எதுவும் தெரியவில்லை. தெரியாத பிசிறு இருக்கும். தேய்த்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

வால் இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பட்டறைக்குத் தனியாகப் போனேன். ரைஃபிளைத் தோல் சுற்றி வைஸ் இடுக்கியில் இறுக்கிப் பிடித்து, பத்து மீட்டர் தள்ளி இரும்புக் கதவில் அட்டை மாட்டி, கையே படாமல் விசையை மட்டும் தொட்டு ஐந்து குண்டு போட்டேன்.

அட்டையில் ஒரே ஓட்டை. ஐந்தும் அதற்குள்ளேயே போயிருந்தன.

லேத்காரனுக்கு இதைவிடப் பெருமை வேறு உண்டா? ஆறுக்குட்டி இருந்திருந்தால் பிரியாணி கேட்டிருப்பான். நான் அட்டையைச் சுக்குநூறாகக் கிழித்து எண்ணெய்த் துணி மூட்டையில் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறியைப் போட மறந்துவிட்டேன் போலிருக்கிறது, சட்டை நனைந்துவிட்டது.

ரைஃபிளில்தான் கோளாறு. வைஸில் பிடிக்கும்போது மட்டும் அது காட்டிக்கொள்வதில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன்!

பின் சைட் என்பது கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன வட்டு. நடுவில் ஊசி போல ஓட்டை. அதன் வழியாகத்தான் முன் வளையத்தையும் கறுப்பு வட்டத்தையும் பார்க்க வேண்டும். கடையில் வாங்கியதில் ஓட்டை பெரிதாக இருந்திருக்கிறது. நானே பித்தளையில் வட்டு கடைந்து, இருப்பதிலேயே மெல்லிய டிரில்லால் சின்னதாக ஓட்டை போட்டேன்.

மௌனிகா கண்ணை வைத்துப் பார்த்தாள். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"ப்பா... வால் இல்லப்பா."

பத்துக் குண்டுக்குத் தொண்ணூற்றாறு. மேடம் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "சார், நீங்க சுடாதீங்க, செய்யுங்க" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் மூன்று பேரும் இளநீர் குடித்தோம். இன்று நன்றாகத் தூங்குவேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. பட்டறை லீவு. மௌனிகாவின் கண்ணாடியை மாற்றப் போனோம். போன வருடம்தான் மாற்றியது, அதற்குள் போர்டு மங்கலாகத் தெரிகிறது என்கிறாள். படிக்கிற பிள்ளைகளுக்கு இது சகஜம்.

கடைக்காரர் வலது கண்ணுக்குக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டார். எதிலும் அவருக்குத் திருப்தி இல்லை. அவளை ஃப்ரேம் பார்க்க அனுப்பிவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"பவர் நிக்க மாட்டேங்குதுங்க. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில காட்டிருங்களேன்."

"எதுக்குங்க?"

"எதுக்குன்னு அவங்கதான் சொல்லோணும். தள்ளிப் போடாதீங்க."

வெளியே வந்ததும் ராதாமணி கேட்டாள், "கடைக்காரர் உங்ககிட்ட என்ன ரகசியம் பேசினாரு?"

"ஃப்ரேமுக்கு தள்ளுபடி தரமாட்டாராம்."

காட்டலாம். மாவட்டப் போட்டி முடியட்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாவட்டத்தில் இரண்டாம் இடம்! மாநிலப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள். மெடலை என் கழுத்தில் போட்டுப் போட்டோ எடுத்தாள். "இது ரைஃபிளுக்கு" என்றாள். என் பெரிய தொப்பையில் அந்தச் சின்ன மெடல் எங்கேயோ தொலைந்துபோன மாதிரி இருந்தது.

போட்டிக்கு முன்னால் இன்னும் சின்ன ஓட்டையில் இரண்டாவது வட்டு கடைந்து கொடுத்திருந்தேன். முதல் வட்டில் மறுபடி வால் வர ஆரம்பித்திருந்தது. பித்தளை தேயும்.

பித்தளை ஒரு மாதத்தில் தேயுமா என்று ஆறுக்குட்டி கேட்டான். அவனுக்கு எல்லாம் தெரியும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

மௌனிகா ஸ்கூலிலிருந்து வேறு ஊர் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அன்னூரில் இறங்கிப் போன் செய்தாள். போய் பைக்கில் கூட்டி வந்தேன். போர்டைப் பார்க்காமல் ஏறிவிட்டாளாம். "உன்ற அப்பன் பக்கத்து லேன்ல சுட்டான், நீ பக்கத்து ஊருக்குப் போயிட்டே" என்றேன். பின்னால் உட்கார்ந்து சிரித்தாள்.

போர்டைப் பார்க்காமல் ஏறினாளா, பார்த்து ஏறினாளா என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மௌனிகா மொட்டை மாடியில் நின்றுகொண்டு, "ஒவ்வொரு லைட்டும் அஞ்சாறா தெரியுது, நெம்ப அழகா இருக்குதுப்பா" என்றாள்.

எல்லாரும் அழகு என்றார்கள். நான் கீழே இறங்கி வந்துவிட்டேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. அதிரசம் அதிகம்.

அக்டோபர் 25, சனி

மூன்றாவது வட்டு. இதற்கு வேண்டிய அளவு சின்ன டிரில் என்னிடம் இல்லை. ஆறுக்குட்டியை டவுன்ஹால் கடைவீதிக்கு அனுப்பி வாங்கி வரச் சொன்னேன். வாங்கிக்கொண்டு வந்து கையில் கொடுக்காமல் நின்றான்.

"அண்ணா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. பாப்பாவ ஒருக்கா கண்ணு டாக்டர்கிட்ட காட்டுங்க."

"உனக்கு என்ன தெரியும்? கண்ணுல தூள் விழுந்தா தீக்குச்சியில எடுக்கறவன் நீ. டிரில்லக் குடு."

இருபது வருடத்தில் அவனை நான் அப்படிப் பேசியதில்லை. மத்தியானம் டீ வாங்கி வைத்தேன். குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பினான்.

சின்ன ஓட்டையில் வெளிச்சம் போதவில்லை. இருட்டாக இருக்கிறது என்கிறாள். ஆனால் வால் இல்லையாம். வால் இல்லை, அதுதான் முக்கியம்.

நவம்பர் 9, ஞாயிறு

ராதாமணி இன்று மௌனிகாவை மூன்று முறை அதட்டினாள். "கண்ணக் கசக்காதேன்னு எத்தன வாட்டி சொல்றது? கைமுட்டிய வெச்சு மாவு பெசையற மாதிரி பெசையறா." பிறகு என்னிடம், "ஏனுங்க, போட்டி முடிஞ்சதும் ஒருக்கா காட்டிருவமா?" என்றாள்.

"காட்டிருவோம்" என்றேன். எனக்கு அந்தப் போட்டி ஒருபோதும் வரக் கூடாது என்று இருக்கிறது. வந்தால் முடியும். முடிந்தால் போக வேண்டும்.

நவம்பர் 22, சனி, திருச்சி

மாநிலப் போட்டி. விடுதி அறையில் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். நடந்ததை எழுதிவிட வேண்டும்.

ரைஃபிளைப் பரிசோதித்தவர் எடை போட்டுப் பார்த்துவிட்டு, "யார் செஞ்ச கட்டை இது?" என்று கேட்டார். மௌனிகா என்னைக் காட்டினாள். அவர் எனக்குக் கை கொடுத்தார். அதுவரை நல்ல நாள்.

அங்கே அட்டை இல்லை, எல்லாம் எலக்ட்ரானிக். ரேஞ்ச் முழுக்க மங்கல், அட்டை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கண்ணைக் குத்தும் வெள்ளை விளக்கு. சுடுகிறவர்களுக்குப் பின்னால் கயிறு கட்டி, அதற்குப் பின்னால் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். முதல் பத்துக் குண்டு நன்றாகப் போனது. இரண்டாம் பத்தில் குண்டுகள் கீழே இறங்க ஆரம்பித்தன. ஒன்பது, எட்டு, ஏழு. மௌனிகா ரைஃபிளைத் தூக்குவாள், குறி பார்ப்பாள், சுடாமல் இறக்குவாள். மறுபடி தூக்குவாள். ராதாமணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது.

மூன்றாம் பத்தின் நடுவில் ரைஃபிளை மேஜைமேல் வைத்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பித் தேடினாள்.

நான் நல்ல மஞ்சள் சட்டை போட்டிருந்தேன். அவள் வாங்கிக் கொடுத்ததுதான். அவளிடமிருந்து பட்டறை வாசல் தூரம்கூட இல்லை. கையைத் தூக்கி ஆட்டினேன். அவள் பார்வை பக்கத்து நாற்காலியிலிருந்து என் முகத்துக்கு வந்தது, என் முகத்தின் மேல் நின்றது, அப்படியே அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டது.

மறுபடி கையை ஆட்டினேன். மறுபடியும் என்னைத் தாண்டிப் போனாள்.

"அவளுக்கு நம்மளத் தெரீலீங்க" என்றாள் ராதாமணி. சத்தமே இல்லாமல் சொன்னாள்.

நான் கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போய்விட்டேன். போகக் கூடாது. யாரோ கத்தினார்கள். மேடம் தடுக்க வந்து, என் முகத்தைப் பார்த்ததும் விலகிக்கொண்டார். கிட்டத்தில் போய் "கண்ணு" என்றதும்தான் அவள் முகம் என் பக்கம் வந்தது.

"ப்பா, வட்டம் மூணா இருக்குதுப்பா. எதச் சுடறதுன்னே தெரீல."

மீதிக் குண்டுகளை அவள் சுடவில்லை.

நவம்பர் 24, திங்கள்

கண் ஆஸ்பத்திரி. இந்த பெஞ்சு எனக்குப் பழக்கம். இரும்புத்தூள் எடுக்க எத்தனையோ முறை வந்து, சொட்டு மருந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்து, நர்ஸிடம் வம்பளந்திருக்கிறேன். இன்று நர்ஸ் பேச்சுக் கொடுத்தபோது சுவரில் இருந்த போர்டைப் படிப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் சின்ன வயது அம்மா. இடது கண்ணை மறைத்து வலது கண்ணால் போர்டில் எழுத்தைப் படிக்கச் சொன்னார். மேலே இருக்கும் அந்தப் பெரிய எழுத்தோடு மௌனிகா நின்றுவிட்டாள். பிறகு டாக்டர் கறுப்புக் கரண்டி போல ஒன்றை எடுத்து அவள் கண் முன்னால் பிடித்தார். அதில் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"இப்ப இது வழியா பாரும்மா."

மௌனிகா கடகடவென்று நாலு வரி படித்தாள்.

ராதாமணிக்கு முகமெல்லாம் சந்தோஷம். "பாருங்க, நல்லாத்தான படிக்கறா!"

நான் அந்தக் கரண்டியின் ஓட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த டிரில்லில் போட்டது என்று எனக்குத் தெரியும். அளவு கூடச் சொல்லிவிடுவேன்.

கண்ணின் முன்பக்கக் கருவிழி மெலிந்து, கூம்பு போல வெளியே தள்ளிக்கொண்டு வருகிறதாம். கசக்கக் கசக்கக் கூடுமாம். மூன்று, நான்கு பிம்பம் தெரியுமாம். வலது கண்ணில் வெகு தூரம் போய்விட்டது. இடது கண்ணிலும் லேசாகத் தொடங்கியிருக்கிறது.

"இத்தனை நாள் எப்படிம்மா சமாளிச்சே?"

"ரைஃபிள்ல நல்லாத் தெரிஞ்சுது மேடம். அப்பா ஒவ்வொரு வாட்டியும் ஓட்டையைச் சின்னதாக்கிக் குடுப்பாரு, சரியாயிரும்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். திட்டியிருக்கலாம். "நல்லா செஞ்சிருக்கீங்க. சின்ன ஓட்டை வழியா பார்த்தா கலங்கல் தெரியாது" என்றார். தன்மையாகத்தான் சொன்னார். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

ஒரு மருந்து ஊற்றி, ஒளி காட்டி, கருவிழியை இறுகச் செய்ய ஒரு சிகிச்சை இருக்கிறது. மேலே மோசமாகாமல் நிறுத்தும். போன பார்வையைத் திருப்பித் தராது. அதைச் செய்யக் கருவிழியின் கனம் குறைந்தபட்சம் நானூறு மைக்ரான் இருக்க வேண்டும். இவளுக்கு எல்லைக்கோட்டில் இருக்கிறது. கசக்கிய கண்ணில் அளவு சரியாக வராது, வியாழக்கிழமை மறுபடி எடுப்போம் என்றார்.

"கொறஞ்சு இருந்தா?" என்றேன்.

"வேற ஒருத்தரோட கருவிழி வெக்கறதைப் பத்திதான் பிறகு பேசணும். இப்ப அதை நினைக்காதீங்க."

நினைக்காமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரம் மைக்ரான், அந்த மைக்ரானில் ஆயுள் முழுக்கச் சோறு சாப்பிட்டவன் நான். இரண்டு மைக்ரான் கூடிவிட்டது என்று பம்ப் கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிய ஷாஃப்டுகளுக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். இன்று மைக்ரோமீட்டரில் ஒரே ஷாஃப்டை மூன்று முறை அளந்தேன், மூன்று எண் வந்தது. ஆறுக்குட்டி ஒன்றும் கேட்காமல் என் கையிலிருந்து வாங்கி, மிச்ச வேலையை அவனே அளந்தான்.

"அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன்.

"எப்ப பேசுனீங்க? எனக்கு நெனப்பில்லீங்கண்ணா" என்றான்.

நவம்பர் 26, புதன்

இன்று எதையும் அளக்கவில்லை.

நவம்பர் 27, வியாழன்

நானூற்றுப் பதினொன்று.

சிகிச்சை செய்யலாம் என்றார் டாக்டர். ராதாமணி அங்கேயே அழுதுவிட்டாள். பதினொரு மைக்ரான் மிச்சம். லேத்தில் அது கைச்சூட்டுக்கே காணாமல் போகும் கனம். இன்னும் ஒரு வட்டு கடைந்திருந்தால், இன்னும் ஒரு மாதம் தள்ளியிருந்தால் என்று கணக்குப் போட ஆரம்பித்து, நிறுத்திவிட்டேன். நிறுத்தியதாக எழுதுகிறேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

சிகிச்சை முடிந்தது. உள்ளே அரை மணிதான். வெளியே நான் இருந்ததை எந்தக் கடிகாரத்தில் அளப்பது? மௌனிகா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நர்ஸின் கையைப் பிடித்தபடி வந்தாள். "எப்படி இருக்கேன்? சினிமாக்காரி மாதிரி இருக்கனா?" என்றாள். "வில்லி மாதிரி இருக்கே" என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். தெரு முழுக்க விளக்கு. எங்கள் வீட்டில் மட்டும் இருட்டு. மௌனிகாவுக்குத் துளி வெளிச்சம் பட்டாலும் கண்ணில் மிளகாய் அரைத்துத் தேய்த்த மாதிரி எரிகிறது. ராதாமணி சாமிக்குக் குறை வைக்கக் கூடாது என்று குளியலறைக்குள் ஒரே ஒரு அகலை ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

நான் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். வலி குறைந்தபோது பேசினாள்.

"ப்பா, ஒண்ணு சொல்றேன். திட்டக் கூடாது."

"சொல்லு சாமி."

"எனக்கு முன்னாடியே தெரியும்ப்பா. கோளாறு ரைஃபிள்ல இல்லைன்னு."

நான் போர்வையை அவள் காலுக்கு இழுத்துவிட்டேன்.

"ரைஃபிள்ல கோளாறுன்னா கிளாஸ் போர்டுல எதுக்கு வால் தெரியோணும்? நெலாவுக்கும் வால் இருந்துச்சு."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிச் சொல்றது? கண்டுபுடிச்சிட்டேன், கண்டுபுடிச்சிட்டேன்னு கிரீஸ் கையோட ஓடி வருவீங்க. கண்ணுன்னு சொன்னா நீங்க பயந்துருவீங்கன்னு தோணுச்சு. அம்மா கூட தாங்கிக்குவா. நீங்க தாங்க மாட்டீங்க."

"நானா? எனக்கு என்ன பயம்? நான் பக்கத்து லேன்காரிக்கே பயப்படாதவன்" என்றேன்.

இருட்டில் சிரித்தாள். சிரித்தால் கண் வலிக்கிறது என்று திட்டிவிட்டு மறுபடி சிரித்தாள். ராதாமணி வந்து இரண்டு பேரையும் அதட்டி, "சத்தம் போடாம பொட்டாட்ட படுக்க விடுங்க அவள" என்று என்னை வெளியே விரட்டினாள்.

குளியலறையில் அகல் எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது.

டிசம்பர் 15, திங்கள்

பரிசோதனை. கருவிழி ஆறி வருகிறது. வலது கண்ணில் எழுத்து இன்னும் அதே இடத்தில் நிற்கிறது. பொறுக்க வேண்டும், பிறகு கெட்டியான ஒரு லென்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். இடது கண்ணை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளக்க வேண்டும். அதுவும் மெலிந்தால் அதற்கும் இதே சிகிச்சை.

மௌனிகா கேட்டாள்: "மேடம், நான் இடது கண்ணுல சுடலாமா?"

"சுடலாமே. யார் வேண்டான்னா? கசக்காம இருந்தா போதும்."

திரும்பி வரும்போது ராதாமணி பஸ்ஸில் என் காதில், "ரைஃபிள வித்துப் போடுங்க. அத ஊட்டுல பார்க்கவே முடியல" என்றாள். எனக்கும் முடியவில்லை. தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

காலையில் மௌனிகா பட்டறைக்கு வந்துவிட்டாள். ராதாமணியும் கூடவே வந்தாள். இரண்டு நாளாக வீட்டில் ரைஃபிள் பேச்சுதான், ராதாமணி வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் "நானும் வர்றேன், ஞாயித்துக்கெழமை நானும்தான் சுடறேன்" என்று முடித்துக்கொண்டாள். டிபன் கேரியரில் உப்புமா.

"இடது தோளுக்கு மாத்திக் குடுங்க. எல்லாம் தலைகீழா. கைப்பிடி, கன்னக் கட்டை, எல்லாமே" என்றாள் மௌனிகா.

"ஒரு வாட்டி செஞ்சதே போதும்டா சாமீன்னு ஆறுக்குட்டி ஓடிப் போவான்."

"அவருகிட்ட கேட்டாச்சு. பிரியாணின்னா சரிங்கறாரு."

டேப்பை எடுத்தேன். இடது கையை நீட்டி, ரைஃபிள் பிடிப்பது போல நிற்கச் சொன்னேன். முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரை அளந்தேன். தோளிலிருந்து கன்னம் வரை அளந்தேன். ராதாமணி எண்களைச் சாக்பீஸால் லேத்தின் மேல் மூடியில் எழுதினாள். கழுத்தைக் கொஞ்சம் சாய்க்கச் சொன்னதும் மௌனிகா சாய்த்து, நேரே என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கண்ணும் திறந்திருந்தன. அவ்வளவு கிட்டத்தில் அவள் கருவிழியில் பட்டறை ஜன்னல் தெரிந்தது. அது நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று பார்க்கப் போன கண்ணை டேப்பின் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"என்னப்பா பாக்கறீங்க?"

"தோள எறக்கு கண்ணு, தூக்கி வெச்சிருக்கே" என்றேன்.

இறக்கினாள். அளந்தேன்.

கேட்க வாய் வரை வந்தது வேறு. அதைக் கேட்கவில்லை: நல்ல கண்ண மூடிட்டு, அந்தக் கண்ணால என்னப் பாரு சாமி, அப்பன் மூஞ்சி தெரியுதா?